கம்பெனிகளின் பேச்சும் நகையும்

ஒருவனை நாம் அறிந்துகொள்வது பெரும்பாலும் அவன் பேச்சினாலேயாம். உருவங் கண்டு கொண்ட எண்ணத்தை அவன் வாய் திறந்த பின்னர் மாற்றிக்கொள்ளுதல் எல்லோர்க்கும் உள்ள வழக்கம். இனி, உருவமே இல்லாத ஒன்றனை அறிவது எங்ஙனம்? துணிக்கடைக்காரர் நம் எதிரே நிற்கின்றார். அவர்தம் முகமலர்ச்சியும், புடைவையை உதறி விரிக்கும் கைப்பாங்கும் அவரை நமக்குக் காட்டிவிடுகின்றன. கணினிக்கும் கைப்பேசிக்கும் வேண்டுஞ் செயலிகளை ஆக்கி விற்குங் கம்பெனியோ நம் கண்முன் வருவதில்லை. அதன் சரக்கைத் தொட்டுப் பார்த்தலும் இயலாது. திரையில் எழும் ஒரு வரி, பிழை நேர்ந்தபோது தோன்றும் அறிவிப்பு, தான் தனக்கு இட்டுக்கொண்ட பெயர், தெருவில் நிறுத்திய விளம்பரப் பலகை ஆகிய இவையே அதற்கு முகமுங் குரலும் ஆகின்றன. வணிக நூலார் இதனை வணிகப் பெயரின் ஆளுமை என்பர். இவ்வாளுமையை எளிய சொல்லாலும் நகைச்சுவையாலும் புலப்படுத்த அக்கம்பெனிகள் முயலும் வகையையும், அம்முயற்சி எங்கே பொருந்துகின்றது, எங்கே பொய்க்கின்றது என்பதனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எளிமை என்பது புதிதாகக் கடல் கடந்து வந்த கொள்கை என்று மாணவர் எண்ணுதல் வேண்டா. நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்து என வகுத்து, சுருங்கச் சொல்லுதலை முதற்கண்ணும், விளங்க வைத்தலை அதன் பின்னும் நிறுத்தினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் தன்மையன என்பதைப் பாடம் எழுதிப் பார்த்தோர் அறிவர். சுருக்கினால் விளக்கங் குன்றும்; விளக்கினால் சுருக்கங் கெடும். கைப்பேசித் திரையோ உள்ளங்கை அளவினது. ஏட்டைக் காட்டிலும் இடுக்கமானது. அதில் எழுதுவோர்க்கு இவ்விரண்டனையும் ஒருங்கே பேணுதல் அன்றி வேறு வழியில்லை.

தொடக்கக் காலத்துக் கணினிகள் இதனைப் பேணவில்லை. 1990-களில் மைக்ரோஸாப்ட்டின் விண்டோஸ் கணினியில் ஒரு செயலி தடுமாறி நின்றால், அது 'சட்டவிரோதச் செயல்' புரிந்தமையின் மூடப்படும் என்று பொருள்படும் ஆங்கில வாசகம் எழும். எழுதிய பொறியாளர்க்கு அது யந்திர நூற்குறியீடு. செயலி தனக்கு ஒவ்வாத கட்டளையை இட்டது என்பதே அதன் பொருள். வாசித்த எளியவர்க்கோ, யாதோ குற்றம் புரிந்துவிட்டோம், இனி யாது நிகழுமோ என்னும் நடுக்கம். சொல் ஒன்றே, அறைக்குள் இருந்தார்க்கு ஒரு பொருளும், வெளியே நின்றார்க்கு வேறொரு பொருளும் ஆயிற்று.

இதற்கு முன்னரே வேறு பாதை வகுத்த ஒரு கம்பெனியும் உண்டு. 1984-ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி மாக்கின்டாஷ் என்னும் கணினியை வெளியிட்டபோது அதன் திரையில் 'ஹலோ' என்னும் ஒரே சொல் கையெழுத்துப் போன்ற வரிவடிவில் தோன்றிற்று. பொறியை இயக்கியவுடன் புன்னகைக்கும் சிறுமுகம் ஒன்று எழும். அச்சிறு முகத்தையும் அதன் கூட்டத்துப் படங்களையும் வரைந்தவர் சூசன் கேர் என்னும் அம்மையார். யந்திரத்தைக் கண்டு அஞ்சுவார்க்கு நூறு பக்க விளக்கத்தினும் அப்புன்னகை மிகுதியாக உதவியிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

இனி நகைக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். அது தோன்றும் நிலைக்களன் நான்கு எனவுங் கூறினார். அவற்றுள் முதலாவது எள்ளல். அது பிறரைத் தாம் இகழ்ந்து நகுவதும் ஆம், பிறரால் தாம் இகழப்பட்டவிடத்துத் தாமே நகுவதும் ஆம் என்பது பேராசிரியர் உரையின் கருத்து. ஏனையவற்றுள் இளமை என்பது குழவித்தன்மை. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் புகட்டியதைக் கொண்டு, கொண்டதை விடாமை. ஈராயிரம் ஆண்டளவில் பழமையுடையதென்று கருதப்படும் அப்பகுப்பைக் கையிற்கொண்டு இக்காலத்துக் கம்பெனிகளைப் பார்ப்பின் வியப்பே விளைகின்றது.

இளமை பற்றிய நகைக்குக் கூகுளின் குரோம் உலாவியில் வரும் விலங்கு நல்ல சான்று. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நாளில் கைப்பேசி வைத்திருப்பார் எவரும் அதனைக் காணக்கூடும். 2023 டிசம்பர் 20-ஆம் நாளிற் போலப் பல்லாயிரவர் ஓரூரில் வந்து குவியும்போது அலைத்தொடர்பு தளர்ந்துவிடுதல் இயல்பன்றோ? அவ்வேளையில் இணையப் பக்கம் வேண்டினால், பக்கத்துக்கு மாறாகக் கட்டங்களால் ஆகிய டைனோசர் ஒன்று திரையில் நிற்கும். தொட்டால் ஓடும், கள்ளிச்செடிகளைத் தாண்டும். 2014-ல் சேர்க்கப்பட்ட இவ்விளையாட்டின் உட்பொருள், இணையம் அற்ற இந்நேரம் ஊழிக்கு முந்திய காலத்துக்கு ஒப்பாம் என்பது. தொடர்பு இல்லை என்னும் செய்தியும் அங்கேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கும். செய்தியை மறைக்காமல் நகையை அதன் அருகே வைத்தமை இங்கே போற்றத்தக்கது. ட்விட்டர் தளம் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூட்டந் தாங்காமல் அடிக்கடி நின்றபோது, சிறு பறவைகள் கூடி ஒரு பெருந்திமிங்கிலத்தைக் கயிறு கட்டித் தூக்கும் படத்தைக் காட்டி வந்தது. படத்தை மக்கள் விரும்பினர். ஆயினும் அத்திமிங்கிலம் அத்தளத்தின் தளர்ச்சிக்கே பெயராய்விட்டமையின் 2013-ல் அதனைக் கைவிட்டனர். அழகிய மன்னிப்பும் அடிக்கடி கேட்கப்படின் வழக்கமான குற்றத்திற்கு அடையாளமாகும் போலும்.

எள்ளலுக்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உளது. திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவரும், ஜோஹோவில் பணிபுரிந்தவருமாகிய கிரீஷ் மாத்ருபூதம் என்பார் 2010-ல் சென்னையில் ஷான் கிருஷ்ணசாமி என்பாரோடு கூடிப் பிரெஷ்டெஸ்க் என்னுங் கம்பெனியைத் தொடங்கினார். வாடிக்கையாளர் முறையீடுகளை ஒழுங்குபடுத்தும் செயலி அவர்தஞ் சரக்கு. அத்தொழிலில் முந்தியிருந்த ஜென்டெஸ்க் கம்பெனியின் தலைவர், இஃது எம்மைப் பார்த்துத் திருடியது என்று பொருள்பட 2011-ல் வெளிப்படையாகவே இகழ்ந்தார். சென்னைச் சிறு கம்பெனி வழக்குமன்றம் ஏகவில்லை, வாளாவிருக்கவும் இல்லை. இகழ்ந்த சொல்லையே தலைப்பாக்கி, திருட்டா அன்றா என்று வினவும் தனிப்பக்கம் ஒன்றை இணையத்தில் அமைத்து, நிகழ்ந்தவற்றை உலகின்முன் வைத்துவிட்டது. அதனால் அதுகாறும் அக்கம்பெனியின் பெயரறியாதாரும் அறிந்தனர். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல் இதுவேயாகும். இகழப்பட்டவர் தாமே நகையை எடுத்துக்கொண்டார்.

அதே கம்பெனி 2017-ல் பிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2018-ல் செய்தது முதல் வகையைச் சார்ந்தது. பெருங்கம்பெனியாகிய சேல்ஸ்ஃபோர்ஸ் சான்பிரான்சிஸ்கோ நகரில் தன் ஆண்டு மாநாட்டை நடத்திய நாட்களில், அந்நகர வானத்தில் பிரெஷ்வொர்க்ஸ் ஓர் ஆகாயக் கப்பலைப் பறக்கவிட்டது. 'சேல்ஸ்' என்பதை 'ஃபெயில்ஸ்' எனத் திரித்து, விற்பனையைத் தோல்வியாக்கிய சிலேடை அதன் வயிற்றில் எழுதப்பட்டிருந்தது. சிறியவன் பெரியவனை எள்ளுதலில் ஒருவகைத் துணிவு உண்டு. ஆதலின் பார்த்தோர் நகைத்தனர். பெரியவன் சிறியவனை அவ்வாறு எள்ளின் அது நகையாகாது. இக்கம்பெனி 2021 செப்டம்பர் 22-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியபோது அதற்கான ஏற்பாட்டிற்கு உள்ளே வழங்கிய மறைபெயர் 'புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்' என்பது. ரஜினிகாந்தின் மேல் அதன் தலைவர்க்குள்ள ஈடுபாடே காரணம். நியூயார்க்கு வணிகர்க்கு இஃது ஒரு சொல். தமிழ்நாட்டார்க்கோ ஒரு குடும்ப நகை.

பெயரைப் பற்றிப் பேசப் புகுந்தமையின் ஜோஹோவைச் சற்று விரிவாகவே காண்போம். 1996-ல் ஆட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் எனத் தன்னை அழைத்துக்கொண்ட அக்கம்பெனி, உலகச் சந்தையில் விற்கப்படும் சரக்குகளுக்கு இக்காலத்துத் தமிழ்ப் பெயரிடத் தொடங்கியுள்ளது. அதன் நிறுவனர்களுள் ஒருவராகிய ஸ்ரீதர் வேம்பு தென்காசியை அடுத்த மத்தளம்பாறைச் சிற்றூரிலிருந்து தொழில் நடத்தியமை யாவரும் அறிந்ததே. 2021-ல் வெளிவந்த அதன் செய்தி பரிமாறுஞ் செயலிக்குப் பெயர் 'அரட்டை'.

இச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க. பள்ளியில் ஆசிரியர் கடிந்துரைக்கும் சொல் அது. வேலையற்றோர் திண்ணையில் புரிவது அது. எவரும் தம் பிள்ளை அரட்டையில் வல்லன் என்று பெருமை பேசியதாகக் கேட்டிலோம். விசு அவர்கள் தொலைக்காட்சியில் நடத்திய 'அரட்டை அரங்கம்' அச்சொல்லுக்குச் சிறிது மதிப்பு ஏற்றிற்று எனலாம். எனினும் இன்றளவும் அதன் மேல் திண்ணைத் தூசி ஒட்டியே இருக்கின்றது. அத்தகைய சொல்லை ஒரு கம்பெனி தன் சரக்குக்கு இடுகின்றது என்றால் அது தன்னைத்தானே சற்றுத் தாழ்த்திக்கொண்டு நகைக்கின்றது என்பது பொருள். 'அரிய கருத்துகளைப் பரிமாறுக' என்று அஃது அழைக்கவில்லை. வீண்பேச்சுப் பேச வருக என்று உள்ளதை உள்ளவாறே கூறி அழைக்கின்றது. கைப்பேசியில் நாம் பெரும்பாலுஞ் செய்வது யாதென்பதை மாணவர் தம் நெஞ்சைத் தொட்டுக் கூறட்டும்.

2025 செப்டம்பர் இறுதியில் இச்செயலிக்கு எதிர்பாராத பெருவெள்ளம் வந்தது. நாளொன்றுக்கு 3,000 பேராக இருந்த புதுச் சேர்க்கை மூன்று நாட்களில் 3,50,000 ஆயிற்று என ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அப்பொழுது வடநாட்டார் சிலர், இப்பெயர் எம் நாவில் புரளவில்லை, மாற்றுக என்றனர். வேறு சிலர், வாட்ஸாப் என்பது மட்டும் எம்மொழிச் சொல் என்று வினவினர். நமக்கும் இவ்வினாவே நேரியதாகத் தோன்றுகின்றது. வாட்ஸாப் என்னும் பெயரும் நலம் உசாவும் ஆங்கிலப் பேச்சுவழக்கை ஒட்டிய சிலேடையே. ஆங்கிலச் சிலேடையை உலகம் பொருளறியாமலே ஏற்றுக்கொண்டது, தமிழ் நகையை மட்டும் பொருள் கேட்டு நிறுத்துகின்றது. ஆயின் ஒன்று கூறாது விடுதல் நடுநிலையாகாது. அவ்வேளையில் அரட்டையின் பேச்சழைப்புகளுக்கு இருந்த முழுமறைப்பு எழுத்துச் செய்திகளுக்கு இருந்திலது. இதனை அறிந்தோர் சுட்டிக்காட்டினர். திண்ணைப் பேச்சுக்கும் ஒரு மறைவு வேண்டும் என்பது திண்ணையில் இருப்போர்க்குத் தெரியும். பெயரின் இனிமை அக்குறையை நிரப்பமாட்டாது.

2023-ல் வெளிவந்த அதன் உலாவிக்கு 'உலா' என்று பெயர். இஃது இன்னும் நுட்பமானது. உலா என்பது நம் சிற்றிலக்கியங்களுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்வதாகப் பாடப்படுவது. ஆகவே பழைய உலாவில் செல்பவனை எல்லோரும் நோக்குவர். அதற்காகவே அவன் செல்கின்றான். புதிய உலாவோ, நீ இணையத்தில் எங்குச் சென்றாலும் விளம்பரக்காரர் உன்னைப் பின்தொடர்ந்து நோக்காதபடி காப்பேன் என்று உறுதி கூறுகின்றது. பெயரிட்டோர் இம்முரணைக் கருதினரோ இலரோ, தமிழ் பயின்றார்க்கு இதனினும் நல்ல நகை கிடைத்தல் அரிது.

நகை தவறிய இடங்களையும் காட்டுதல் கடன். மைக்ரோஸாப்ட் 1997-ஆம் ஆண்டுப் பதிப்பாகிய தன் ஆபீஸ் செயலியில், தாள்செருகி உருவில் ஒரு துணைவனை வைத்தது. கடிதத் தொடக்கமாக 'அன்புள்ள' என்பதன் ஆங்கிலத்தைத் தட்டெழுதிய அளவிலேயே, கடிதம் எழுதுகின்றீர் போலும், உதவட்டுமா என்று அது கண்ணை உருட்டிக்கொண்டு வரும். முதன்முறை வேடிக்கை, பத்தாம் முறை தொல்லை. இதுவே தொல்காப்பியர் கூறிய பேதைமை. நம்மை நகைப்பிக்க வந்து தானே நகைப்புக்கு இடமாயிற்று. 2001-ல் அக்கம்பெனியே தன் விளம்பரங்களில் அத்துணைவனை எள்ளிவிட்டு, 2007 பதிப்பில் முற்றும் நீக்கியது.

கூகுள் செய்த பிழை இதனினும் கொடிது. அதன் ஜிமெயில் 2004 ஏப்ரல் முதல் நாளில் வெளிவந்தபோது, ஒரு கிகாபைட் இடம் இலவசம் என்னும் மெய்யான செய்தியைப் பலர் முட்டாள்நாள் வேடிக்கை என்று தள்ளினர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016 ஏப்ரல் முதல் நாளில், வேடிக்கையைப் பலர் மெய்யென்று கொண்டு இடர்ப்பட்டனர். அன்று கடிதம் அனுப்பும் பொத்தானின் அருகே வேறொரு பொத்தான் வைக்கப்பட்டது. அதனை அழுத்தினால் கடிதத்தோடு மஞ்சள் நிறப் பொம்மை ஒன்று ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டுச் செல்லும் படமும் சேர்ந்து போகும்; அதன்பின் வரும் மறுமொழிகளும் அனுப்பியவர் கண்ணிற்படா. அலுவற் கடிதங்களை அப்பொத்தானால் அனுப்பிவிட்டோர் முறையிட்டனர். அன்றே அதனை எடுத்துவிட்டு மன்னிப்புக் கோரினர். நகைப்பது தன் செலவில் ஆகலாம். பிறன் கடிதத்தில் கைவைத்து நகைத்தல் ஆகாது.

இனி நமக்கு அணித்தான நிகழ்ச்சி ஒன்று. உணவு கொணர்ந்து தரும் ஜொமாட்டோ கம்பெனி கைப்பேசிக்கு அனுப்பும் குறும்பு வாசகங்களால் பெயர் பெற்றது. 2019 ஜூலையில், சில வேளை வீட்டுச் சாப்பாட்டையும் உண்ணுங்கள் என்று இந்தியில் அது ஒருவரி எழுத, தன் வாணிகத்துக்கே எதிராகத் தான் பேசிய நகையை நாடு முழுதும் சுவைத்தது. உடனே வேறு பல கம்பெனிகளும் அதே அச்சில் வரிகள் வார்த்தன. சில வேளை சொந்தமாகவும் நல்ல வரிகளைச் சிந்தியுங்கள் என்று ஜொமாட்டோ அவற்றுக்கு விடையிறுத்தது. இம்மட்டும் நன்று.

2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், வந்த உணவில் ஒரு பொருள் குறைந்தது என்று அக்கம்பெனியின் உதவிப் பணியாளரிடம் எழுத்தில் முறையிட்டார். உணவகத்தாரோடு பேச மொழி தடையாயிற்று என்று விடை வந்தது. அதன்மேல், இந்தி தேசிய மொழியாதலின் எல்லோரும் சிறிதேனும் அறிந்திருத்தல் இயல்பு என்னும் கருத்துடைய பாடமும் வந்தது. இந்திய அரசியற் சாசனத்தில் தேசிய மொழி என ஒரு மொழியும் குறிக்கப்படவில்லை என்பதை மாணவர் அறிவர். பிறர் புகட்டியதைக் கொண்டு, கொண்டதை விடாமை என்று மேலே நாம் கண்ட மடன் இங்கே நிற்கின்றது. ஆனால் எவரும் நகைக்கவில்லை. மறுநாள் 'வணக்கம் தமிழ்நாடு' எனத் தொடங்கித் தமிழிலேயே மன்னிப்பு அறிக்கை வந்தது. செயலியைத் தமிழில் ஆக்கிவருகின்றோம், கோயம்புத்தூரில் உதவி நிலையம் அமைக்கின்றோம் என்றும் அதில் கூறப்பட்டது. பணியாளரை முதலில் நீக்கினர்; அறியாமையால் நேர்ந்த பிழைக்கு வாழ்வைப் பறித்தல் தகாது என்று பின்னர்க் கம்பெனித் தலைவரே மீண்டும் சேர்த்துக்கொண்டார். இம்மீட்சி நேரியது என்பதே எம் கருத்து. அவ்விளைஞர் தாமாகக் கம்பெனியின் குரலை வகுத்தவர் அல்லர். குறும்பு வரிகள் எழுதப் புலமையுடையாரை அமர்த்திய கம்பெனி, குறை கேட்கும் இடத்தில் அமர்ந்தார்க்கு நாட்டின் மொழிநிலையைக் கூறிக்கொடுக்கவில்லை.

நளன் கதை நிகழ்ந்த தலம் என்று போற்றப்படும் ஊரில் இருந்துகொண்டு இதனை எழுதுகின்றோம். உருவம் திரிந்து வாகுகன் என்னும் பெயரோடு ஒளிந்திருந்த நளனைத் தமயந்தி ஐயுற்றது அவன் பேச்சினால். தெளிந்தது அவன் சமைத்த உணவின் சுவையினால் என்கின்றது பாரதம். கேசினி என்னுந் தோழி முதலிற் கொண்டுவந்தவை அவன் கூறிய சொற்கள். அவை ஐயத்தை எழுப்பின. அதற்கு மேற் செல்லவில்லை. கைப்பக்குவமே முடிவு கூறிற்று. கம்பெனியின் இன்சொல்லுக்கும் அதன் தொண்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவினதே.

எம்மூர்க் கடைத்தெருவிலும் கம்பெனிகளின் குரல் இப்பொழுது காதில் விழுகின்றது. நளதீர்த்தத்தில் நீராட வருவோர்க்கு நல்லெண்ணெயும் எள்ளும் கருந்துணியும் விற்கும் கடைகளில், கட்டங் கட்டமாகிய சதுரத்தைக் கைப்பேசியால் நோக்கிப் பணம் செலுத்தும் முறை 2016-ல் வந்த யூ.பி.ஐ.யின் பின்னர்ப் பரவிற்று. பணம் வந்ததும் சிறு பெட்டியொன்று உரக்கக் கூறும். போன்பே கம்பெனி 2023-ல் அமிதாப் பச்சனின் குரலைத் தன் பெட்டிக்கு அமைத்தது. ஆளுமையை விலைக்கு வாங்குதற்கு இதனினும் நேரான வழி இல்லை. எம் கடைகளிற் சில பெட்டிகள் இத்துணை ரூபாய் 'பெறப்பட்டது' என்கின்றன. எளிய தமிழ்தான், பொருள் விளங்குகின்றது. எனினும் எண்ணெய்க் கடைக்காரர் எவரும் தம் வாழ்நாளில் 'பெறப்பட்டது' என்று சொன்னதில்லை. செயப்பாட்டு வினை அலுவலகத் தாளுக்கு உரியது. கடைக்குரியது 'வந்துவிட்டது' என்பது. இவ்வொரு சொல்லை மாற்றுதற்குப் பெருஞ்செலவும் பெரும்புலமையும் வேண்டா; அக்கம்பெனியார் ஒருவர் அரைமணி நேரம் கடைவாயிலில் நின்று கேட்டாற் போதும். இப்பொழுது கடைக்காரரே, பெட்டி கூறி முடித்தவுடன், வாங்கியவரை நோக்கி, "வந்துடுச்சு, போய்ட்டு வாங்க" என்று கூறி அனுப்புகின்றார்.